பெரியவரின் எழுத்துப் பூட்டு

வயசானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை. பதுளையில் என் கணவரின் அண்ணன் சாமான் அறைக்குப் போட்டிருந்த பித்தளைப் பூட்டை நினைத்தால் இன்றைக்கும் என் விரல்கள் தாமாக மடங்குகின்றன. பேத்திகள் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதை என்று என் கணவர் அதை நினைத்திருந்தார். அவர் அப்படி நினைத்தது எனக்கு இன்னொரு கோபம்.

நான் கல்யாணமாகி இலங்கைக்கு வந்த காலத்தில் ரயில் பண்டாரவளை வரைக்கும்தான். அங்கிருந்து மாட்டு வண்டியில் ஹாலிஎல வழியாக இறங்கிப் பதுளைக்கு வரவேண்டும். கடைவீதியில் எங்கள் கடை. முன்பக்கம் அரிசியும் மிளகாயும் சேலையும் கம்பளியும் விற்கும் கடை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி நாங்கள் இருந்த அறைகள், பின்னால் சமையல்கட்டு. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்கள் பலவற்றுக்கு அரிசி எங்கள் கடையிலிருந்து போனது.

கடையும் வீடும் என் கணவரின் அண்ணன் கையில் இருந்தன. கடையாட்களுக்கு அவர் பெரிய முதலாளி, வீட்டில் எல்லாருக்கும் பெரியவர். நான் அவரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூப்பிட வாய்ப்புத்தான் வரவில்லை. தம்பி பெண்டாட்டி அவர் எதிரே நின்று பேசக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அவர் முற்றத்தில் கால் வைத்தால் நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். எதுவும் சொல்ல வேண்டுமென்றால் அவர் மனைவியிடம் சொல்வேன். அவளை அக்கா என்பேன். என்னைவிட மூத்தவள், நல்லவள், அடுத்தவருக்குக் கேட்காத மாதிரி மெல்லப் பேசுகிறவள்.

மாமியார் இருந்தவரை சாமான் அறைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் போன பிறகு அது அக்காவிடம் வந்திருக்க வேண்டும். காரியம் முடிந்த கையோடு பெரியவர் கொழும்புக்குப் போய் இந்தப் பூட்டை வாங்கிவந்தார். உருளையாக, கையில் அடங்கும் அளவு. நாலு வளையம், ஒவ்வொன்றையும் சுற்றி இங்கிலீஷ் எழுத்து. சொந்தக்காரர் மனசில் வைத்திருக்கும் நாலு எழுத்து ஒரே வரிசையில் வந்து நின்றால்தான் கொண்டி விலகும். சாவியே கிடையாது.

"பொம்பளைங்க இடுப்புல சாவி தொங்கினா வீடு உருப்படாது" என்று முற்றத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அக்கா அப்போது அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கக்கூட இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் வருவார். எங்களுக்கு முதுகைக் காட்டி, பூட்டைத் தன் வயிற்றோடு அணைத்தாற்போல் பிடித்துத் திறப்பார். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அவரே அளந்து வெளியே வைப்பார். பண்டிகை நாளில் கூடக் கொஞ்சம் வெல்லம் வேண்டுமென்றால் அக்கா போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். எங்கள் இரண்டு பேர் நகையும் அந்த அறைக்குள் தேக்குப் பெட்டியில் இருந்தது. கல்யாணம், திருவிழா என்றால் எடுத்துத் தருவார். வீடு திரும்பி, காலைக் கழுவுவதற்குள் கழற்றி வாங்கிவிடுவார். என் அப்பா எனக்குப் பார்த்துப் பார்த்துச் செய்து போட்ட நகை அது. என் கழுத்தில் இருந்ததைவிட அந்த இருட்டில் இருந்ததுதான் அதிகம்.

ஒரு மழைக்காலம் முடிந்து பெரியவர் வியாபார விஷயமாகக் கொஸ்லந்தப் பக்கம் போய், மலைக்குக் கீழே காட்டுப் பக்கம் வரை இறங்கி, குளிர்காய்ச்சலோடு வண்டியில் படுத்தபடி திரும்பினார். பிதற்றினார், யார் யாரையோ திட்டினார். அக்கா கண் மூடாமல் பார்த்தாள். ஒரு வழியாக எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார், பிறகு கடைக்கும் போனார். ஆனால் சாமான் அறைப் பக்கம் மட்டும் வரவில்லை. சமையலுக்கு வேண்டியதைக் கடையிலிருந்தே கட்டி அனுப்பினார்.

"அறையில எலி மருந்து வச்சிருக்கேன். யாரும் கிட்டப் போகாதீங்க" என்றார்.

நானும் நம்பினேன்.

அப்படி இருக்கும்போதுதான் தந்தி வந்தது. திருச்சிப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பா படுக்கையில் கிடக்கிறார், பிள்ளைகள் இரண்டு பேரும் உடனே புறப்பட வேண்டும் என்று. தந்தி என் அண்ணனுக்கு வந்தது. அண்ணன் பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்தார். தந்தியைக் கையில் பிடித்தபடியே வண்டி கட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை பதுளைக்கு வந்து சேர்ந்தார். நான் ஒரு துணி மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். வண்டியில் ஏற வேண்டியதுதான்.

பெரியவர் கடையிலிருந்து வந்து என் அண்ணனிடம் சொன்னார். "தம்பி, போகட்டும். நான் வேண்டாங்கல. ஆனா இப்படி மொட்டைக் கழுத்தோடயா அனுப்புறது? உங்க ஊர்க்காரன் என்ன சொல்லுவான்? நகையெல்லாம் நான் வித்துத் தின்னுட்டேன்னுதானே சொல்லுவான்? நகையைப் போட்டுத்தான் அனுப்புவேன்."

"சரிங்க அத்தான், எடுத்துக் குடுங்க. போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவா" என்றார் அண்ணன்.

"இன்னிக்குச் செவ்வாய். வடக்கே சூலம். இந்தியாவுக்கு வடக்கேதானே போகணும்? சூலத்துக்கு எதிரே நகையோட பொம்பளைய அனுப்புறதா?"

"பாலைக் குடிச்சிட்டுக் கிளம்பினா சூலம் ஒண்ணும் செய்யாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்களே."

"நீ எனக்குச் சாத்திரம் சொல்றியா?"

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். பெண் கொடுத்த வீட்டுக்காரர். அவர் ஒரு வார்த்தை கூடப் பேசினால் அதன் பலனை நான் அனுபவிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் கதவுக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, நீங்க மட்டும் போங்க. நான் பின்னால வர்றேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அப்பா முதல்ல உன்னைத்தான் கேப்பாரு. உன்னை விட்டுட்டு வந்தேன்னு அவர் முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது?"

புதன்கிழமையும் வடக்கே சூலம்தான். அன்றைக்கு முழுவதும் அண்ணன் கடைத் திண்டில் உட்கார்ந்தே இருந்தார். பெரியவர் மத்தியானம் ஒரு தடவை அந்தப் பூட்டுக்கு எதிரே போய் நின்றதைச் சமையல்கட்டிலிருந்து பார்த்தேன். வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். ஆனால் நெடுநேரம் நின்றார். தோள் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு வெறுங்கையோடு திரும்பிக் கடைக்குப் போய்விட்டார். வேட்டி முதுகுப் பக்கம் வேர்வையில் ஒட்டியிருந்தது. பதுளையில் அந்த மாதத்தில் யாருக்கும் அப்படி வேர்க்காது.

என் கணவர் சாப்பிட வந்தபோது கேட்டேன். "என்னங்க, அவர் ஏன் திறக்கல?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அண்ணனுக்கு எழுத்து மறந்து போச்சு. காய்ச்சல்ல மறந்துட்டாரு. வெளிய சொல்லிடாத."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தேன். "எங்கப்பா சாகக் கிடக்காரு. அதுக்கு இதா காரணம்? பட்டறைக்காரனைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லுங்க."

"அறுத்தா, மறந்துட்டாருன்னு கடைவீதி பூராவும் தெரிஞ்சிடுமே. பெரிய மனுசன். இத்தனை பேரு அவரை நம்பிச் சாமான் வாங்குறாங்க. நாளைக்கு ஞாபகம் வந்துடும். கொஞ்சம் பொறுத்துக்க."

"வரலன்னா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அவர் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த வெறுப்பை நான் எந்தக் காலத்திலும் அவரிடம் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். பெரியவருக்கு மறதி, அது நோய். என் கணவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, பசித்தும் இருந்தது.

வியாழக்கிழமை காலை பெரியவர் முற்றத்துக்கு வந்து, "இன்னிக்கு அஷ்டமி" என்றார்.

அண்ணன் எழுந்து நின்றார். அவருக்கும் என் கணவர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவரே ஊகித்திருக்க வேண்டும். "அத்தான், மன்னிச்சுக்கங்க. மறதி மனுசனுக்கு வர்றதுதான். பட்டறையிலேர்ந்து ஒரு ஆளைக் கூப்பிட்டா ஒரு நிமிசத்துல அறுத்துடுவான். புதுப் பூட்டு நானே வாங்கித் தர்றேன்."

முற்றத்தில் கடையாட்கள் இரண்டு பேர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் இது விழுந்துவிட்டது. பெரியவர் முகம் கறுத்தது.

"எவன்டா மறந்தான்? நான் வச்ச எழுத்து எனக்கா தெரியாது? எவளோ கை வச்சிருக்கா. கன்னாபின்னான்னு திருப்பிப் பூட்டைக் கெடுத்து வச்சிருக்கா. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப நடந்திருக்கு. ஊருக்கு ஓட யாருக்கு அவசரம்? நகையைத் தூக்கிக்கிட்டுப் போக யாருக்கு ஆசை? இந்த வீட்டுல திருட்டுக் கை யாரோடதுன்னு நான் சொல்லணுமா?"

அண்ணன் தலை குனிந்தது. என் கணவர் கடைக்கும் முற்றத்துக்கும் நடுவே நிலைப்படியில் நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அக்கா மட்டும், "ஐயோ, அவ அப்படிப்பட்டவ இல்லீங்க" என்றாள். அதுகூட அழுகையில் பாதி கரைந்துவிட்டது.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அந்த முற்றத்தில் அவர் நிற்கும்போது நான் நின்றது அதுவே முதல் தடவை. முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

"மாமா" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "உங்க பூட்டுல நான் கை வச்சதில்ல. இப்ப வைக்கிறேன். நல்லாப் பாத்துக்கங்க."

யாரும் நகரவில்லை. நான் நேரே சாமான் அறைக்குப் போய்ப் பூட்டை இடது கையால் பிடித்து, கொண்டியோடு பிடுங்கி எறிந்துவிடுவதுபோல இழுத்தேன். எனக்கு வேறு யோசனை கிடையாது. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கதவோடு பெயர்த்துவிட வேண்டும் என்ற வெறிதான். வலது கையால் வளையங்களைக் கண்டபடி திருகினேன். அப்போது ஒன்று தெரிந்தது. மூன்று வளையம் லொடலொடவென்று சுற்றின. ஒன்று மட்டும் சுற்ற மறுத்துக் கடித்துக்கொண்டு நின்றது.

ஏன் இது மட்டும் கடிக்கிறது? அதையே பிடித்துத் திருகினேன். நான் இழுக்கும் இழுப்பில் அது அசையவே இல்லை. இழுப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் நறநறவென்று நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து ஓர் இடத்துக்கு வந்ததும் உள்ளே ஏதோ விழுந்தாற்போல் 'தக்' என்றது. கொண்டி ஒரு மயிரிழை வெளியே வந்தது. இப்போது வேறொரு வளையம் கடித்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா? இந்த அற்பத்துக்கா இத்தனை வருஷம் அரிசிக்கும் வெல்லத்துக்கும் கை நீட்டி நின்றோம்? இந்த அற்பத்துக்கா என் அப்பா அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்?

இரண்டாவது வளையமும் விழுந்தது. மூன்றாவதில் கை வழுக்கி, எல்லாம் கலைந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பின்னால் பெரியவர், "கிறுக்குப் பிடிச்சிருக்கு. இழுத்துட்டுப் போங்கடா" என்றார். என் கணவர் ஓரடி எடுத்து வைத்தார். அண்ணன் அவர் மார்பில் கையை வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை, கையை வைத்தார். என் கணவர் நின்றுவிட்டார்.

மறுபடியும் ஒவ்வொன்றாக வந்தேன். கடைசி வளையம் விழுந்ததும் கொண்டி கையோடு வந்துவிட்டது. கதவைத் தள்ளினேன். எலி மருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. புழுங்கிய பருப்பு வாசனைதான் இருந்தது. தேக்குப் பெட்டியை வெளியே இழுத்து வந்து முற்றத்தின் நடுவில் வைத்துத் திறந்து, என் நகையை மட்டும் எடுத்தேன். அக்காவுடையதைத் தொடவில்லை. எல்லார் கண்ணெதிரிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டேன். பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். பூட்டைத் திரும்பக் கதவில் மாட்டினேன்.

அப்போதுதான் பெரியவர் பாய்ந்து வந்தார். "திருப்பாத! திருப்பாத! எழுத்தைப் பாக்கணும்!"

முற்றம் முழுவதும் அது கேட்டது. மூட்டை இறக்கிய ஆட்களும் கேட்டார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாலு வளையத்தையும் உள்ளங்கையால் சரசரவென்று உருட்டிவிட்டேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, இங்க வாங்க. இதை இப்படி இழுங்க. ரொம்ப இழுக்காதீங்க. எது கடிக்குதோ அதைத் திருப்புங்க." அவள் கையைப் பிடித்துப் பூட்டின் மேல் வைத்தேன். கை ஜில்லென்றிருந்தது. ஒரு வளையம் விழும்வரை கூடவே நின்றேன். 'தக்' என்ற சத்தம் கேட்டதும் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் இருந்ததை என்னவென்று சொல்ல? இத்தனை நாளும் அரைத்த அம்மிக்கல்லை யார் தலையிலாவது போடலாம் என்று தோன்றியவள் போல இருந்தாள்.

மூட்டையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். என் கணவர் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, "போனதும் காயிதம் போடு" என்றார். நான் மூட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

பண்டாரவளை வரை வண்டி, பிறகு ரயில், தலைமன்னாரில் கப்பல், அக்கரையில் மறுபடி ரயில். வழியெல்லாம் அண்ணன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். போய்ச் சேர்ந்ததும் அவருக்கு இதைச் செய்யலாம், அந்த வைத்தியரைக் கூப்பிடலாம் என்றெல்லாம். எங்கள் தெருமுனையில் வண்டி திரும்பியபோது வாசலில் பந்தல் தெரிந்தது.

நான் வண்டிக்குள்ளேயே தாலியைத் தவிர காதிலும் கழுத்திலும் கையிலும் இருந்ததையெல்லாம் கழற்றி ஒரு துண்டில் முடிந்து மூட்டைக்குள் திணித்தேன். சாவு வீட்டுக்குள் மினுக்கிக்கொண்டு போக முடியுமா? ஊர்க்காரன் என்ன சொல்லுவான் என்று பயந்து, அதற்காக எங்களை நிறுத்தி வைத்தாரே அந்த மனிதர். அந்த நகையை ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

அப்பா முந்தின நாள் போய்விட்டிருந்தார். மூத்த பிள்ளை வருவான் வருவான் என்று அந்தி வரைக்கும் வைத்திருந்து, அதற்குமேல் முடியாமல் எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ரெண்டு நாள் முன்னால கிளம்பியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அண்ணன் முந்திக்கொண்டு, "கப்பல் கிடைக்கலம்மா" என்றார்.

எனக்காகப் பொய் சொன்னார். கடைசி வரைக்கும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். தகப்பனுக்குக் கொள்ளி வைக்காத மூத்த பிள்ளை என்று ஊரில் பின்னாலிருந்து பேசினார்கள். அதை அவர் தலையைக் குனிந்துகொண்டு தாங்கினார். காரணம் என்னவென்று கேட்டால் ஒரு பெரிய மனுஷருக்கு நாலு எழுத்து மறந்துபோனதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

காரியங்கள் முடிந்து நான் பதுளைக்குத் திரும்பியபோது அக்காதான் தினமும் சாமான் அறையைத் திறந்துகொண்டிருந்தாள். முதல் நாள் அவள் திறந்தபோது பெரியவர் எழுத்தைப் பார்க்கத் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாராம். அக்கா சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு, கையால் மூடி, வளையத்தை உருட்டிவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் பழைய குரலாக இல்லை. அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எனக்கும் ஒருவேளை ஆறியிருக்கும். நான் திரும்பி வந்த கொஞ்ச நாளில் ஹாலிஎலயிலிருந்து ஒரு வியாபாரி கடைக்கு வந்திருந்தார். பெரியவர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது சமையல்கட்டு வரை கேட்டது. "எழுத்தே இல்லாம திறக்குற வித்தை ஒண்ணு இருக்கு. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு நான்தான் கத்துக் குடுத்தேன். ஆபத்து அவசரத்துக்கு உதவணும்ல?"

"ஆமாண்ணே" என்றது என் கணவரின் குரல்.

அந்த 'ஆமாண்ணே' போதும் எனக்கு. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி இந்த வீட்டில் நான் உலை வைக்கமாட்டேன் என்று. என் கணவர் கெஞ்சினார், ஊர் சிரிக்கும் என்றார். "ஊரு எங்கண்ணனைப் பாத்துச் சிரிச்சாச்சு. இனி யாரைப் பாத்துச் சிரிச்சா எனக்கென்ன?" என்றேன். நான் மூட்டையோடு பண்டாரவளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு என் கணவரும் வந்து சேர்ந்தார். காய்கறி வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரம் தொடங்கினோம். நன்றாகவே இருந்தோம். அவரோடு பிள்ளைகள் பெற்றேன், சிரித்தேன், சண்டை போட்டேன். மன்னித்தேனா என்று கேட்டால், அவர் தட்டில் சோறு போடும்போதெல்லாம் அந்தப் புதன்கிழமை மத்தியானம் கண்ணுக்குள் வந்து போனது என்று மட்டும் சொல்வேன்.

பெரியவர் இறந்தபோது பதுளைக்குப் போனேன். போகாமல் இருக்கக்கூடாது, அக்கா இருக்கிறாளே. பெண்கள் எல்லாரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வரவழைக்கவும் நான் முயலவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லாமல் அவள் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"இன்னமுமா கோவம்?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா" என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும்தான்" என்றாள்.